ஸ்பூன் விட்டுக் கலக்கியவன்

"ஐயோ... என்ன பண்றீங்க?"

நூலகத்தின் சிறுவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள் அறிவியல் டீச்சர். உள்ளே நெடுநெடுவென்று ஒருவன், கையில் ஸ்பூனோடு. மாணவி ஒருத்தியின் சித்தப்பா. பிள்ளை மறந்துவைத்த குடையை எடுக்க வந்தவன்.

"அடியில தூள் தங்கியிருந்துச்சு டீச்சர்... கரையட்டுமேன்னு எல்லா ஜாடியையும் கலக்கிவிட்டேன்."

எல்லா ஜாடியையுமா! காலையில் பிள்ளைகள் வெந்நீரில் வெண்காரத் தூளைக் கரைத்து, கம்பி நட்சத்திரங்களைப் பென்சிலில் கட்டி உள்ளே தொங்கவிட்டிருந்தார்கள். அசையாமல் ஆறினால்தான் கம்பியில் படிகம் பூக்கும். இப்போது எல்லாம் கலங்கிக் கிடந்தது. விடுமுறை அலங்காரமாக நாளைக் காலை ஜன்னலில் மாட்டலாம் என்று வாக்கு வேறு கொடுத்திருந்தாள்.

"இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதீங்க!"

"சரிங்க... இன்னைக்கு மட்டும் இருந்து உதவிட்டுப் போறேனே. வெந்நீர் நல்லாவே வைப்பேன்."

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். இவனிடமா சிரிப்பது?

அவன் புதிதாக வெந்நீர் ஊற்ற, அவள் மறுபடியும் தூளைக் கரைத்தாள். ஆவிக்கு நடுவே அந்தக் கண்கள்... திட்டு வாங்கிய குழந்தையின் கண்கள். பார்க்காதது போலப் பார்த்தாள்.

கடைசி நட்சத்திரம் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. தாழ் கெட்டுப்போன கதவு காற்றில் படாரென்று அடிக்க, ஜாடிகள் இருந்த மேசையே அதிர்ந்தது. அவளுக்கோ மாடியில் அடுத்த வகுப்பு.

"நீங்க போங்க டீச்சர். கதவை நான் பார்த்துக்கறேன்."

சாயங்காலம் இறங்கி வந்தவள் திகைத்தாள். மூடிய கதவில் முதுகைச் சாய்த்து, வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தான். சாரலில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"இவ்வளவு நேரமும் இப்படியேவா?"

"எழுந்தா கதவு அடிக்குமே... உள்ள எட்டிக்கூடப் பார்க்கலைங்க."

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். ஜாடிக்கு ஜாடி நட்சத்திரங்கள் மினுமினுத்தன. கண் கலங்கிவிட்டது. எத்தனையோ பேர் உதவுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னபடி இருந்தவன் இவன்தான். நன்றி என்று மட்டும் சொன்னால் போய்விடுவான். வரவேண்டாம் என்றவளே அவள்தானே! வீம்பை விழுங்கினாள்.

"ரொம்ப நன்றிங்க... நன்றி மட்டும் இல்ல... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் முகமெல்லாம் சிவந்தது.

"எனக்கும்தாங்க... நீங்க திட்டினப்பவே. எழுந்து நின்னு மரியாதையா சொல்லலாம்னு பார்த்தா... கால் ரெண்டும் மரத்துப்போச்சு!"

இம்முறை வாய்விட்டே சிரித்தாள். சிரித்தபடியே இரண்டு கைகளையும் நீட்டினாள்.