விடாத மூச்சு

அக்கா இறந்து இருபதாம் நாள் காலை, ஸ்கேன் டாக்டர் மறுபடி வேலைக்கு வந்தாள். வெளியே பளீரென்று வெயில். உள்ளே திரைச்சீலையை இழுத்துவிட்ட இருட்டு, மெஷினின் சன்னமான இரைச்சல், ஏசியின் குளிர்.

முதல் ஆள் ஒரு டீச்சர். வலது விலாவுக்குக் கீழே வலி. பித்தப்பையையும் கல்லீரலையும் பார்க்க வேண்டும். வெறும் வயிறா என்று கேட்டதும் முகம் விழுந்துவிட்டது.

"ஒரே ஒரு வாய் காபிதாம்மா. லீவு போட்டுட்டு வந்திருக்கேன், எப்படியாவது பாத்துடுங்க."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு மாதத்துக்கு முன் இதே கட்டிலில் படுத்துக்கொண்டு அக்காவும் இதைத்தான் சொன்னாள். காபி குடித்தால் பித்தப்பை சுருங்கிவிடும். வாயு சேர்ந்து பித்தக்குழாயை மறைத்துவிடும். வேறு யாராவது என்றால் நாளைக்கு வரச் சொல்லியிருப்பாள். சொந்த அக்காவாயிற்றே. ஜெல் ஜில்லென்று இருக்கிறது என்று பாட்டிலைப் பிடுங்கி உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடாக்கியவளைக் கேலி செய்தபடியே, தெரிந்த மட்டும் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள்.

மூன்று மாதத்தில் அக்காவின் கண் மஞ்சளாயிற்று. இரண்டாவது ஸ்கேனில் பித்தக்குழாயை அடைத்துக்கொண்டு கட்டி தெரிந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னவள், அதைப் பார்த்த அதிர்ச்சியில் விடச் சொல்ல மறந்துபோனாள். தங்கை சொல்லட்டும் என்று, முகம் சிவக்கும்வரை பிடித்துக்கொண்டே கிடந்தாள் அக்கா. விடு என்றுகூடச் சொல்லவில்லை, இந்தப் பாவித் தங்கை.

டீச்சரைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தாள்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

இரண்டு மூச்சு உள்ளே போனது.

ஒன்று டீச்சருடையது. இன்னொன்று அவள் காதோரம்.

"விடுங்க."

ஒன்றுதான் வெளியே வந்தது.

திரையைப் பார்த்தாள். பித்தக்குழாய் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் வாயு, புகை மூட்டமாய். அன்றைக்கு அவள் பெரிதுபண்ணாமல் விட்ட அதே மூட்டம்.

பிடரிக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

கருவியைக் கீழே வைத்தாள். "நாளைக்கு வெறும் வயித்தோட வாங்கம்மா. இன்னைக்கு எதையாவது எழுதிக் கொடுத்தா, உங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடும்." இன்னொரு லீவுக்கு எங்கே போவது என்று முணுமுணுத்துக்கொண்டே டீச்சர் கிளம்பினாள்.

கதவு சாத்தியதும் டாக்டர் இருட்டைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

"போதும்க்கா. விட்டுடு."

நீளமாக ஒரு மூச்சு வெளியேறியது. காபி வாசனையோடு அவள் கழுத்தில் வெதுவெதுவென்று பட்டு அடங்கியது. பிறகு மெஷினின் இரைச்சல் மட்டும். சொல்லாமலே இருந்திருக்கலாம், கூடவாவது இருந்திருப்பாள் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் டீச்சர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தாள். ஜெல் தடவி, மூச்சைப் பிடிக்கச் சொன்னாள் டாக்டர். ஒரே ஒரு மூச்சு. காதோரம் ஒன்றும் இல்லை. பித்தக்குழாய் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே சின்னதாக ஒரு கல். எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றும் இல்லை என்றாள்.

டீச்சர் வயிற்றைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நேத்து ஜெல் பட்டதும் உடம்பே சிலிர்த்துப் போச்சு. இன்னைக்கு சூடு பண்ணி வெச்சிருந்தீங்களேம்மா, புண்ணியமாப் போகும்."

அவள் எதையும் சூடு பண்ணவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுப் பாட்டிலைத் தொட்டாள்.

உள்ளங்கைச் சூடு.