மைனா கேட்ட குரல்

அன்று காலையில் மைனா வளையல் சத்தம் போட்டது.

உடையப்பன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான். கை நிறைய அடுக்கிய கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசி இறங்கி, மணிக்கட்டில் வந்து நிற்கும்போது எழும் அந்தச் சின்னக் கலகலப்பு. கூண்டைப் பார்த்தான். மைனா மஞ்சள் அலகைத் திறந்து, தொண்டை மயிர் சிலிர்க்க, இன்னொரு முறை அதே சத்தத்தைப் போட்டது. பிறகு ஒன்றும் நடக்காதது போல ஊறவைத்த கடலையைக் கொத்தத் தொடங்கியது.

அந்த வீட்டுக்குப் பெண்கள் யாரும் வருவதில்லை.

பட்டணத்தில் எல்.எம்.பி. டாக்டர் படிப்பில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான் அவன். பரீட்சைக்கு முன்னால் ஒரு மாத விடுமுறை. அன்னவாசலில் சொந்த வீடு இருந்தும், ஊருக்கு வெளியே பாறையடிவாரத்தில் மாமா பூட்டிப் போட்டிருந்த வீட்டில்தான் தங்கியிருந்தான். காரணம், அவன் கொண்டுவந்த பிஸ்கட் தகரப்பெட்டி. படிப்பதற்காக அதில் மனித எலும்பு வைத்திருக்கிறான் என்று தெரிந்ததும் அம்மா மீனம்மாள் வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"டாக்டருக்குப் படி, வேணாங்கல. ஆனா அது இந்த நெலையைத் தாண்டி உள்ள வரப்படாது."

அதனால் அவனும் பெட்டியும் மைனாவும் இங்கே. பண்ணையாள் பிச்சை மூன்று வேளையும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் போய்விடுவார்.

மைனாவை அவன் வாங்கவில்லை. முதல் வருஷ மழையில், பட்டணத்தில் அவன் தங்கும் லாட்ஜின் வேப்பமரத்திலிருந்து கண் திறக்காத குஞ்சாக விழுந்தது. கடலை மாவைத் தண்ணீரில் குழைத்துத் தீக்குச்சி முனையில் ஊட்டி வளர்த்தான். பிணம் அறுத்துப் படிக்கும் டிஸெக்ஷன் ஹாலிலிருந்து திரும்பும்போது அவன் கையில் ஒட்டியிருக்கும் ஃபார்மலின் மருந்து வாடைக்குச் சக மாணவர்களே சாப்பாட்டுப் பலகையில் தள்ளி உட்கார்வார்கள். மைனா மட்டும் அந்தக் கையிலேயே ஏறி உட்கார்ந்து தூங்கும். டிராம் மணியையும் வார்டனின் செருமலையும் அது அப்படியே சொல்லும். மணிக்கட்டு எலும்புகளின் பெயர்களை அவன் ராகம் போட்டு உருப்போடுவதை அவன் குரலிலேயே திருப்பிச் சொல்லும்.

மைனா கேட்டதைத்தான் சொல்லும். கேட்காத ஒன்றைச் சொல்ல அதற்குத் தெரியாது.

மத்தியானம் பிச்சை வந்ததும் கேட்டான். "பிச்சையண்ணே, நான் குளிக்கப் போறப்ப இங்கிட்டு யாரும் பொம்பளையாளு வந்தாங்களா?"

"இங்கிட்டா? நல்லா வந்தாங்க! நானே வாசலோட போறேன், தம்பி." பிச்சை தூக்குச்சட்டியை வைத்துவிட்டு நடந்தார். நாலடி போனதும் நின்றார். "ஏன், யாரையும் பாத்தீங்களா?"

"இல்ல. பாக்கல."

மூன்றாம் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுச் சந்துகளில் நீர் இறங்கி அறைமூலையில் வைத்த பித்தளைக் குண்டானில் சொட்டியது. ஈரச் சுவரும் வௌவால் எச்சமும் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்த வீட்டு வாடைக்குள் எங்கிருந்தோ மெல்லியதாக ஃபார்மலின் நெடி எட்டிப் பார்த்தது. தன் கையைத்தான் முகர்ந்து பார்த்தான். ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. கையில் சீயக்காய்தான் மணந்தது. அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து தணிந்த குரலில் ஒரு பெண் சொன்னாள்.

"வெரலு குளுருது."

திரும்பினான். கூண்டு. மைனா. வேறு யாரும் இல்லை.

அவனுக்குள் இருந்த மாணவன் யோசித்தான். சோதித்துப் பார்க்கலாம். கூண்டை எடுத்துப்போய் அடுப்பங்கரையில் தொங்கவிட்டான். இரண்டு நாள் மைனா டிராம் மணி அடித்தது, செருமியது, அவன் குரலில் எலும்புகளின் பெயரைப் பாடியது. புதிதாக ஒரு சொல் இல்லை. மூன்றாம் நாள் மறுபடி தகரப்பெட்டி இருக்கும் அறையில் மாட்டிவிட்டுக் குளத்துக்குப் போனான். தலை துவட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது கூண்டுக்குள்ளிருந்து அதே குரல், யாரையோ தேடுவதைப் போல.

"ஏங்க… இங்கிட்டுத்தான் இருக்கேங்க."

அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கூப்பிடுவது அவனை இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால், மாசி வெயிலில், ஒருவர் கல்லூரிக் கேட்டருகே நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வருகிற போகிற ஒவ்வொருவரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். உடையப்பனையும் கும்பிட்டார். பெயர் பெரியகருப்பன் என்றார்.

"வயித்துக் கட்டின்னு என் பொஞ்சாதிய ஆஸ்பத்திரில சேத்துட்டு, கதிரறுப்புக்கு ஊருக்குப் போயிட்டேன், தம்பி. திரும்பி வந்தா அப்படிப் பேரே இல்லங்கிறாங்க. இங்கிட்டு ஒரு வார்த்த கேட்டுப் பாருன்னு ஒருத்தர் சொன்னாரு. செவந்தின்னு பேரு. எடது கையில தேளு பச்ச குத்தியிருக்கும்."

அந்தத் தேளை உடையப்பனுக்குத் தெரியும். மூன்று நாளைக்கு முன், அதன் கொடுக்கின் நடுவே கத்தியை வைத்துத் தோலை இரண்டாகப் பிளந்தவன் அவன்தான். கேட்பாரற்ற உடல் என்று சொல்லித்தான் மேசையில் கிடத்தியிருந்தார்கள். இடது கை அவன் பங்கு. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் புதைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் எலும்பு இல்லாமல் உடற்கூறு படிக்க முடியாது. முந்தின நாள் சாயங்காலம் அவன் அந்தக் கையை மணிக்கட்டோடு கழற்றி, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய், லாட்ஜின் கொல்லையில் சோடா உப்புப் போட்டு வேகவைத்திருந்தான். இப்போது எதைக் காட்டுவது? காட்டினால் படிப்பு என்னாவது?

"எந்த ஊருங்க?" என்று மட்டும் கேட்டான்.

"கந்தர்வக்கோட்டைக்குத் தெக்க, முந்திரிக்காட்டுக்குள்ள."

"நான் அன்னவாசலுங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம பக்கந்தானா! அப்ப நீங்க சொன்னாச் சரி, தம்பி. நம்மூருப் புள்ள பொய்யா சொல்லப்போகுது?"

"இங்க அப்படி யாரும் வரலீங்க."

அவர் அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மைனா அப்படிக் கூப்பிட்ட அன்று பிற்பகல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. பகல் மூன்று மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருந்தது. உடையப்பன் வெளியே போகவில்லை. அந்தக் கையெலும்புகள் இருக்கும் தகரப்பெட்டியைத் தரையில் வைத்து, எதிரே உட்கார்ந்து, கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். குண்டானில் நீர் சொட்டியது. பாறையிலிருந்து இறங்கும் தண்ணீர் கொல்லைப்பக்கம் இரைந்தது. நெடுநேரம் வேறு ஒன்றும் இல்லை.

மைனா கடலையை விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தது. பெட்டியின் பக்கம்.

அவன் காதில் எதுவும் விழவில்லை. ஆனால் மைனா கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் ஒரு வாக்கியம் பேசி முடிக்கும் நேரம் வரைக்கும் அசையாமல் கேட்டது. பிறகு அலகைத் திறந்தது.

"அவரு வந்தாரா?"

"வந்தாரு," என்றான்.

மைனா சாய்ந்தது. கேட்டது.

"எங்க?"

"காலேஜுக்கு. ஒங்களத் தேடி."

மைனா சாய்ந்தது. இந்த முறை அதிக நேரம்.

"நீங்க என்ன சொன்னீங்க, தம்பி?"

அவன் அழுதான். "கொண்டுபோய்க் குடுத்துர்றேன். அவருகிட்டயே குடுத்துர்றேன். விட்டுருங்க." மைனா மறுபடி கடலையைக் கொத்தப் போய்விட்டது.

மறுநாள் காலை பஸ்ஸில் புதுக்கோட்டை போய், அங்கிருந்து கந்தர்வக்கோட்டை பஸ் பிடித்தான். தகரப்பெட்டியை வேட்டித் துணியில் முடிந்து மடியில் வைத்திருந்தான். கூண்டை விட்டுவிட்டு வரத்தான் நினைத்தான். ஆனால் மைனா இல்லாவிட்டால் அவள் சமாதானம் ஆனாளா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "பேசுமா?" என்று கேட்டார். உடையப்பன் இல்லை என்று தலையசைத்தான்.

இறங்கி, வழி கேட்டு, செம்மண் சகதியில் ஒரு மணி நேரம் நடந்தான். முந்திரிக்காடு ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. கிளைகள் தரையைத் தொட வளைந்திருந்ததால் குனிந்து குனிந்து போக வேண்டியிருந்தது. பறவைச் சத்தம் இல்லை. கடைசியில் ஒற்றைக் கூரைவீடு. அதை நெருங்க நெருங்க ஃபார்மலின் நெடி. பெட்டியிலிருந்து வருகிறது என்று நினைத்துத் துணியை இறுக்கிக் கட்டினான். நெடி குறையவில்லை.

பெரியகருப்பன் கூரையடியில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். ஆளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"அன்னவாசல் தம்பி! வாங்க, வாங்க!"

"அண்ணே, செவந்தியக்காவப் பத்தி ஒண்ணு சொல்லணும்…"

"அதான் வந்துட்டாளே, தம்பி! நீங்க சொன்னது சரிதான். நான் ஊரு வந்து சேந்தன்னிக்கு வீட்டுக்குள்ள உக்காந்திருக்கா."

உடையப்பன் அவருக்குப் பின்னால் இருந்த வாசலைப் பார்த்தான்.

"பேச்சுத்தான் இல்ல. சோறுதண்ணி எறங்க மாட்டேங்குது. வெளிச்சம் ஆகாது. அந்த ஆஸ்பத்திரி மருந்து வாடைதான் எட்டு மாசமா என்ன கழுவியும் போகல." அவர் கதவில்லாத வாசலுக்குள் குனிந்து சொன்னார். "புள்ள, யாரு வந்திருக்கான்னு பாரு."

உள்ளே இருட்டு. இருட்டில் எதுவோ இடம் மாறி உட்கார்ந்தது.

கூண்டுக்குள் மைனா தலையைச் சாய்த்தது. வாசலைப் பார்த்து. கேட்டது.

"வாங்க, தம்பி."

பெரியகருப்பன் கையிலிருந்த விறகு விழுந்தது. அவர் கூண்டைப் பார்க்கவேயில்லை. வாசலைத்தான் பார்த்தார். "பேசிட்டியா! செவந்தி, பேசிட்டியா, தாயி!" என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார்.

ஓடியிருக்கலாம். பெட்டி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"கொண்டாந்தீங்களா?" என்றது மைனா.

அவன் மண்டியிட்டான். முடிச்சை அவிழ்த்தான். பெட்டியை வாசற்படியில் வைத்துத் திறந்தான். இருட்டிலிருந்து ஒரு கை நீண்டு வெளிச்சத்துக்கு வந்தது. முழங்கை வரை சேலைத் துணி. அதற்குக் கீழே தோல் இல்லை. அவன் பிரித்து ஒதுக்கிய தசைநார்கள், அவன் ஒதுக்கிய அதே ஒழுங்கில். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் கை முடிந்தது.

"புண்ணுன்னு எனக்குக் காட்டவே மாட்டா," என்றார் பெரியகருப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நம்மூரு டாக்டருதான், புள்ள. வெக்கப்படாமக் காட்டு."

அவன் முதல் எலும்பை எடுத்து வைத்தான். ஒட்டிக்கொண்டது. இரண்டாவது. ஒட்டிக்கொண்டது. மைனா அவன் குரலில், ராகம் போட்டு, ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னது. உள்ளங்கை வந்தது. விரல்கள் வந்தன. நுனிகள் வந்தன.

பெட்டி காலி.

கை அப்படியே நீண்டிருந்தது. ஏதோ ஒன்று குறைகிறது. மைனா ஒரு பெயரிலேயே நின்றுவிட்டது. பிஸிஃபார்ம். பிஸிஃபார்ம். சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டில், பட்டாணி அளவு எலும்பு. வேகவைத்த தண்ணீரோடு சாக்கடையில் போயிருக்க வேண்டும்.

"இன்னொண்ணு… அது இல்லீங்க. தொலஞ்சுருச்சு."

மைனா தலையைச் சாய்த்தது. வெகுநேரம் கேட்டது.

"ஒங்க கையக் குடுங்க, தம்பி."

"குடுங்க, தம்பி, கேக்குறாள்ல," என்றார் பெரியகருப்பன். பாசத்தோடு அவன் தோளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். பலமான பிடி.

எலும்பு விரல்கள் ஒவ்வொன்றாக அவன் இடது மணிக்கட்டில் வந்து படிந்தன. குளிர்ந்து இருந்தன. பெருவிரல் மட்டும் அவன் சுண்டுவிரல் பக்கமாக, தோலுக்கடியில், மெல்லத் தேடிக்கொண்டு போயிற்று. அந்தப் பட்டாணி அளவு மேட்டைக் கண்டுபிடித்தது. அழுத்தியது.