சிவப்பியின் ஒற்றைப் பதிவு

"உன் மெசின் பொய் சொல்லுது, தம்பி!"

ஈப்போவில் ஜெயபாலனின் ரேடியோ கடைக்குள் நுழைந்ததுமே கருப்பம்மாள் வெடித்தாள். கோப்பெங் பக்கம், மூடிப்போன ரப்பர் தோட்டத்து நிலத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவள். 1984-ல், அந்தப் பண்ணை வாசலில்தான் ஜெயபாலன் தன் முதல் கருவியைப் பொருத்தியிருந்தான். மாட்டின் கழுத்தில் தொங்கும் பில்லைக்குள் ஒரு சில்லு. வாசல் சட்டத்தில் செம்புக் கம்பிச் சுருள். பில்லை அதைக் கடந்தால், எந்த மாடு உள்ளே வந்தது என்று கணினித் திரையில் பதிவாகும்.

"நேத்து சாயந்திரம் சிவப்பி உள்ள வந்துருச்சின்னு திரை சொல்லுது. காலையில பாத்தா மாட்டக் காணோம். பில்லை மட்டும் வைக்கோல்ல கிடக்கு. கொட்டாய்ல இருந்தது சின்னையா ஒருத்தன்தான். போலிஸ்ல சொல்லப் போறேன்."

மூலையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த மரியஜோசப் நிமிர்ந்தார். ஓய்வுபெற்ற துப்பறியும் சார்ஜண்ட். பொழுது போவதெல்லாம் இந்தக் கடையில்தான். "அதுக்கு முன்னால நாங்க ஒரு தடவ பாத்துடுறோம்லா," என்றார்.

ஜெயபாலன் அதற்குள் வேன் சாவியை எடுத்துவிட்டான். தன் கருவி தவறியிருந்தால், அதை நம்பி ஒரு நிரபராதி லாக்கப்புக்குப் போவார். உண்மை தெரியாமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டான்.

பண்ணையில் பால் கறக்கும் சின்னையா, துணி மூட்டையோடு படியில் உட்கார்ந்திருந்தார். மாடு மேய்க்கும் சீனிதான் கேட்காமலே பேசினான்.

"சிவப்பி வாசல்லயே நின்னு அடம் புடிச்சிச்சுண்ணே, ரொம்ப நேரம். முதுகுல தட்டித்தான் உள்ள தள்ளுனேன். அப்புறம் நடந்தது உள்ள இருந்தவருக்குத்தான் தெரியும்."

மரியஜோசப் தலையாட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். "ஒவ்வொரு மாட்டுக்கும் ஏன் இத்தனை வரி?"

"சுருளுக்கு நடுவுல பில்லை இருக்கிற வரைக்கும் மெசின் திரும்பத் திரும்பப் படிக்கும்ண்ணே. இப்பத்தான ஆரம்பிச்சிருக்கேன், அதை ஒண்ணாச் சுருக்குற வேலை இன்னும் முடியல."

"சிவப்பிக்கு எத்தனை?"

ஜெயபாலனின் விரல் திரையில் நின்றது. "ஒண்ணே ஒண்ணு!"

எல்லாரையும் வாசலுக்கு வரச் சொன்னார் மரியஜோசப். சின்னையா மட்டும் படியிலேயே இருந்தார். வேறொரு மாட்டை ஜெயபாலன் சட்டத்துக்கு நடுவில் நிறுத்தினான். திரையில் வரிகள் குவிந்தன. பிறகு மரியஜோசப் சிவப்பியின் பில்லையை வெளியிலிருந்து சட்டத்தின் வழியே வீசினார். அது வைக்கோலில் போய் விழுந்தது. ஒரே வரி.

"மெசின் பொய் சொல்லலம்மா. அது படிச்சது பில்லையை; மாடுன்னு நெனச்சது நாம," என்றார் அவர். "சிவப்பி வாசல்ல நின்னிருந்தா திரை ரொம்பியிருக்கும். நிக்கல. நடந்துகூட வரல. வராத மாட்ட முதுகுல தட்டி உள்ள தள்ளுனதாச் சொன்னது நீதான், சீனி. எங்க இருக்கு மாடு?"

சீனி சட்டத்தை விட்டு ஓரடி பின்வாங்கினான். "சிலிம் ரிவர்ல... லோரிக்காரன் ஒருத்தன் வீட்டுல."

கருப்பம்மாள் படிக்குப் போய் மூட்டையைத் தன் கையில் வாங்கினாள். "தப்பாப் பேசிட்டேன், சின்னையா அண்ணே."

சின்னையா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சிவப்பிய காலையிலருந்து கறக்கல. மடி கட்டிக்கிட்டுத் துடிக்கும்," என்றார். "பேச்செல்லாம் அப்புறம். வண்டிய எடு தம்பி, போலாம்."