அந்தக் கார் அசையவே இல்லை!

"ஐயோ...ஓ...ஓ!"

கிரேக்க நாட்டின் பனோராமா மலைச் சரிவில் ஞாயிற்றுக்கிழமை அமைதியை அந்த அலறல் இரண்டாகக் கிழித்தது.

எதிர்வீட்டு பால்கனியில் இருந்த பொலிக்ஸேனி, கையிலிருந்த காபியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபது. திசையைக் கணித்தாள்.

லாம்ப்ரோஸ் வீட்டு கராஜ்!

இருபது வருடமாகச் சம்பளம் வாங்காமல் அந்தத் தெருவைக் காவல் காக்கிறவள். செருப்பை மாட்டிக்கொண்டு, போலீசுக்கு போன் போட்டபடியே படி இறங்கினாள்.

கராஜ் கதவு திறந்து கிடந்தது. சர்ச்சுக்குப் போட்டுப் போன கறுப்பு கோட்டும் கறுப்புக் கையுறையுமாக லாம்ப்ரோஸின் மனைவி கிளியோநீகி சுவரில் சாய்ந்து நடுங்கினாள்.

தரையில்...

ஸ்டாதிஸ்! லாம்ப்ரோஸின் கணக்கர். குப்புறக் கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த பெரிய ஸ்பேனர்.

அவனுக்குப் பின்னால், சாம்பல் நிறப் போர்வைக்குள், எதுவுமே நடக்காத மாதிரி நின்றது லாம்ப்ரோஸின் சிவப்பு கார்.

"என்ன... என்ன சத்தம்?"

மாடிப்படியில் லாம்ப்ரோஸ். பைஜாமாவில். கொட்டாவி விட்டபடி.

இன்ஸ்பெக்டர் ஸீசிஸ் கால் மணி நேரத்தில் வந்தார். கூடவே வந்த டாக்டர் பிணத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல" என்றார்.

ஸீசிஸ் லாம்ப்ரோஸின் பக்கம் திரும்பினார்.

"அந்த நேரத்துல எங்க இருந்தீங்க?"

"தூங்கிட்டு இருந்தேன் சார்."

"உங்க கட்டிலுக்கு நேர் கீழ ஒருத்தன் மண்டை உடைஞ்சு சாகறான். ஒண்ணுமே கேக்கலை?"

"எனக்குத் தூக்கம் கொஞ்சம் ஜாஸ்தி."

"உங்க மனைவி?"

"சர்ச்சுல இருந்தேன்" என்றாள் கிளியோநீகி, மூக்கை உறிஞ்சியபடி. "பூசை முடிஞ்சு, இப்பத்தான் வந்தேன். பன்னெண்டு மணிக்கு மேல ஆச்சு."

"நேத்து சாயங்காலம் நீங்களும் ஸ்டாதிஸும் நடுத்தெருவுல சண்டை போட்டீங்களாமே, லாம்ப்ரோஸ்?"

லாம்ப்ரோஸ் பொலிக்ஸேனியை முறைத்தான். அவள் கூரையைப் பார்த்தாள்.

"ஸ்பேனர் யாருது?"

"என்னுது."

"அதுல கைரேகை?"

"என்னுதாத்தான் இருக்கும். என் ஸ்பேனர்ல உங்க கைரேகையா இருக்கும்?"

ஸீசிஸ் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து விலங்கை உருவினார்.

பொலிக்ஸேனிக்கு நெஞ்சு அரித்தது. லாம்ப்ரோஸ் மேல் அவளுக்குப் பாசம் ஒன்றும் இல்லை. அந்தக் கார் கக்கிய புகையில் அவளுடைய வெள்ளைப் போர்வைகள் எத்தனை கறுத்திருக்கும்! ஆனால் கண்ணெதிரே ஒரு தகவல் தப்பாகப் பதிவாவதை அவளால் தாங்க முடியாது.

"தம்பி, விலங்கை உள்ள வைங்க. இவன் கொலை பண்ணலை. இவன் வீட்டுலயே இல்லை!"

"எப்படித் தெரியும்?"

"ஒம்பதே முக்காலுக்கு இந்தச் செவப்புப் பிசாசை எடுத்துக்கிட்டு ஹொர்தியாடிஸ் மலை மேல போனான். பதினொன்றரைக்குத் திரும்பினான். நான் பார்த்தேன்."

வேறு யாராக இருந்தாலும் அவள் காலில் விழுந்து கும்பிட்டிருப்பான்.

லாம்ப்ரோஸ் குதித்தான்!

"பொய்! இந்தம்மா பச்சைப் பொய் சொல்றா! கார் அசையவே இல்லை!"

"டேய், உன்னைக் காப்பாத்தறேன்டா!"

"வேண்டாம்! யாரு கேட்டா?"

ஸீசிஸின் புருவம் உயர்ந்தது. பொலிக்ஸேனிக்குப் பொறி தட்டியது.

ஓஹோ... அதுதானா!

கிரேக்க நாட்டில் காருக்கான சாலை வரி கிராம் கணக்கு, நகைக்கடை மாதிரி. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் புகையோ, அத்தனைக்குக் காசு. லாம்ப்ரோஸின் காருக்கு முன்னூற்று நாற்பது கிராம். காரை வாங்க ஒரு வீட்டின் விலையைக் கொட்டத் தெரிந்தவனுக்கு, வருடா வருடம் வரி கட்ட மட்டும் கை வராது. அதற்கும் ஒரு வழி இருந்தது. 'இந்தக் கார் ஓடாது, கராஜிலேயே நிற்கும்' என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் வரி இல்லை.

அந்த மலைச் சரிவில் பாதி ஸ்போர்ட்ஸ் கார்கள் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி செத்துப்போகும். ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை உயிர்த்தெழும்!

பிடிபட்டால்தான் சிக்கல். பத்தாயிரம் யூரோ அபராதம். மூன்று வருடம் லைசென்ஸ் கிடையாது.

"லாம்ப்ரோஸ்..." பொலிக்ஸேனி பல்லைக் கடித்தாள். "காரை ஓட்டினதுக்கு அபராதம். கொலைக்கு ஆயுள் தண்டனை. எதுடா கம்மி?"

லாம்ப்ரோஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"யோசிக்கக் கொஞ்சம் டைம் குடுங்க."

"யோசிக்கிறதா!"

"பத்தாயிரம்னா சும்மாவா அக்கா?"

 ஸீசிஸ் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்.

"சரிப்பா. இவரை வண்டியில ஏத்து. அந்தப் போர்வையை எடு. காரையும் இழுத்துட்டுப் போகணும்."

லாம்ப்ரோஸ் திடுக்கிட்டான். "காரை எதுக்கு?"

"சாட்சிப் பொருள். பிணத்துக்குப் பக்கத்துல நின்னதில்லையா?"

"எங்க... எங்க நிறுத்துவீங்க?"

"ஸ்டேஷன் பின்னால. வெட்டவெளி. மழை பெய்யும். பூனைங்க ஏறி விளையாடும். வழக்கு முடிய ஒரு எட்டு வருஷம் ஆகும்."

"எட்டு வருஷம் மழையிலயா!"

லாம்ப்ரோஸ் உடைந்தான். அப்படியே படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"ஓட்டினேன் சார்! நான்தான் ஓட்டினேன்! ஒம்பதே முக்காலுக்குக் கிளம்பினேன். மலை மேல பெட்ரோல் பங்க்ல பத்தரைக்கு டேங்க்கை நிரப்பினேன். அங்க கேமரா இருக்கு. பாருங்க, என் மூஞ்சி தெரியும்!"

"திரும்பி வந்தப்போ?"

"பதினொன்றரைக்கு வந்தேன். ஸ்டாதிஸ் இப்படித்தான் கிடந்தான்."

"ஏன் எங்களுக்கு போன் பண்ணலை?"

"எஞ்சின் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சே சார்! நீங்க வந்து தொட்டுப் பார்த்தா என்ன ஆகறது? அதான் போர்வையைப் போத்தினேன். ஆறட்டும்னு மேல போய்ப் படுத்துட்டேன்."



செத்தவனைத் திறந்தபடி போட்டுவிட்டுக் காருக்குப் போர்வை போர்த்திய மகானை, டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பொய்!"

இந்த முறை கத்தியது லாம்ப்ரோஸ் இல்லை. கிளியோநீகி!

"தப்பிக்கறதுக்காகக் கதை கட்டறாரு! பெட்ரோல் பங்க்காவது, கேமராவாவது! பத்தரைக்கு கார் இங்கதான் நின்னுச்சு. இதே இடத்துல, போர்வைக்குள்ள. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

"பத்தரைக்கா?" ஸீசிஸின் குரல் பூனை நடை நடந்தது.

"ஆமா!"

"இந்த கராஜ்லயா?"

"ஆமான்னு சொல்றேனே!"

"பத்தரைக்கு நீங்க சர்ச்சுல இல்லையா, மேடம்?"

கிளியோநீகி கோட்டுக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஸீசிஸ் போனை எடுத்தார். பெட்ரோல் பங்க்கில் பேசினார். மூன்றே நிமிடம்.

"பத்து முப்பத்திரண்டு. செவப்பு கார். உங்க புருஷன் குனிஞ்சு கண்ணாடியில தலை வாரிட்டு இருக்காராம். அப்போ, நீங்க இங்க இருந்தீங்க. கார் இல்லை. ஸ்டாதிஸ் மட்டும் இருந்தான். சொல்லுங்க."



கிளியோநீகி கோட்டுப் பொத்தானைக் கழற்றினாள். உள்ளே வெள்ளை பிளவுஸில் தெறித்த சிவப்புப் புள்ளிகள். முகத்தில் நடுக்கம் போயிருந்தது.

"எட்டு வருஷமா வந்துக்கிட்டு இருந்தான். ஞாயித்துக்கிழமை தவறாம. இவரு காரைக் கொஞ்சப் போற நேரத்துல, பின்சந்து வழியா."

"பின்சந்து வழியாவா!"

பொலிக்ஸேனிக்கு இதயமே நின்றுவிட்டது. எட்டு வருடம்! தன் தெருவில்! தனக்குத் தெரியாமல்! பிணத்தைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இப்படி வலிக்கவில்லை.

"என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான்" என்றாள் கிளியோநீகி. "இன்னிக்கு வந்து, வேற ஒருத்தியோட நிச்சயதார்த்தம்னு பத்திரிகையை நீட்டறான். ஸ்பேனர் கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சு."

"கையுறையோட அடிச்சிருக்கீங்க. பழியைப் புருஷன் மேல போட்டுட்டீங்க."

"போட வேண்டியதே இல்லை சார். தானா விழும். அபராதத்துக்குப் பயந்து இவரு வாயைத் திறக்க மாட்டாரு. இருபது வருஷம் குடும்பம் நடத்தினவ, எனக்குத் தெரியாதா?"

விலங்கு அவள் கையில் ஏறியது. 'க்ளிக்!'

ஸீசிஸ் பாக்கெட்டிலிருந்து இன்னொரு புத்தகத்தை எடுத்தார். அபராத ரசீது! "இப்ப உங்க கணக்கு, லாம்ப்ரோஸ். ஓடாத காரை ஓட்டினதுக்கு..."

லாம்ப்ரோஸ் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் கண்ணீர். மனைவி போகிறாளே என்ற துக்கமோ? பொலிக்ஸேனிக்கே ஒரு கணம் மனசு இளகியது.

"சார், ஒரே ஒரு உதவி!" அவன் குரல் தழுதழுத்தது. "கார் அவ பேர்லதான் இருக்கு. எப்படியும் உள்ள போறா... அந்த அபராதத்தையும் அவ பேர்லயே எழுதிடுங்களேன்!"

கிளியோநீகி போலீஸ் ஜீப்பில் ஒரு காலை வைத்தவள், அப்படியே நின்று திரும்பினாள்.

"இன்ஸ்பெக்டர், என் வாக்குமூலத்துல ஒரு வரி சேர்த்துக்குங்க... நான் ஆளை மாத்திக் கொன்னுட்டேன்!"