ஒட்டுக் கேட்கும் கம்பி

மாடித் தொட்டியின் வால்வை இறுக்கி மூடிவிட்டுத்தான் அவன் காலையில் வேலைக்குப் போனான். வீட்டில் ஒரு குழாயிலும் தண்ணீர் இல்லை. ஆனாலும் எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது.

ஒருக்களித்துப் படுத்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தரையில் தண்ணீர் விழும் சத்தமாக இல்லை அது. ஈரத்துணிமேல் விழுவதுபோல் கொஞ்சம் கனமாக, மொத்தென்று விழுந்து, அடுத்தது விழலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் நின்று, மறுபடி விழுந்தது. மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கட்டிலின் மேல் போட்டிருந்தது. விசிறிக் காற்றில் பினாயில் வாசனை. அதற்கு அடியில், எத்தனை முறை அலசினாலும் போகாத இரும்பு வாசனை. துருப்பிடித்த குழாயை அறுத்துவிட்டு வரும் நாட்களில் கணவன் கையில் இருப்பதும் இதே வாசனைதான்.

அவன் பிளம்பர். அவளுடைய புலம்பல் தாங்காமல் நேற்று வீட்டிலிருந்த வாஷர்களையெல்லாம் மாற்றினான். "எனக்கு ஒண்ணும் கேக்கல. ஆனா பிளம்பர் வீட்டுக் குழாயே சொட்டுதுன்னு வெளியில சொல்லிடாத, பொழப்பு நாறிடும்" என்றான். அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவளும் சிரித்ததுபோல் உதட்டை அசைத்தாள்.

போன் அடித்தது. நாத்தனார்.

"இன்னும் போகுதாடி?"

"நின்னுடுச்சு அண்ணி."

"குரலே கிணத்துக்குள்ளேர்ந்து வருது?"

"இப்பத்தான் தூங்கி எழுந்தேன், அதான்."

"என்கிட்ட கதை விடாத. ரெண்டு பெத்து ஒண்ணைத் தவறவிட்டவ நான். இரு, அவனுக்குப் போன் பண்றேன். வேலையாவது மண்ணாங்கட்டியாவது."

நிற்கவில்லை. கரு கலைந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் நிற்கவில்லை. "கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு நின்னுடும்மா. நிக்கலேன்னா உடனே வந்துடுங்க. உள்ள ஏதாவது தங்கியிருக்கும், சுத்தம் பண்ணிடலாம்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அடிப்பிடித்த பாத்திரத்தைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். 'சுத்தம்' என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் எல்லோரிடமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவன் வெளியே போனதும் துணிகளை அலசி, அவனுடைய சட்டைகளுக்குப் பின்னால் மறைத்துக் காயப்போட்டாள். நகங்கள் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டன. எழுந்து நின்றால் அறை ஒரு நொடி தாமதமாகத்தான் அவளோடு எழுந்தது. இருக்கட்டும். போனது போக ஏதோ ஒரு துளி இன்னும் தன்னிடம் இருக்கிறது. அதையும் வழித்தெடுத்துக் குப்பையில் போடுவார்கள். அதற்கு மட்டும் அவள் சம்மதிக்கமாட்டாள்.

மொத். நின்றது. மொத்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயின் வாயில் விரலை விட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. குளியலறை வாளிக்குள் ஒரு பல்லி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. எங்கே போனாலும் சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் நடந்தால் அதுவும் நடந்தது.

கதவுக்குப் பின்னால் அவனுடைய பழைய வேலைப் பை. அதில் கை நீளத்துக்கு ஒரு கம்பி. ஒரு முனையைச் சுவரில் வைத்து மறுமுனையைக் காதோடு அழுத்தினால், உள்ளே எந்தக் குழாய் கசிகிறதென்று கேட்டுச் சொல்லிவிடுவான். அவள் உண்டாகியிருந்தபோது ஒருநாள் அதை அவள் வயிற்றில் மெதுவாக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "மேடம், உள்ள மோட்டார் ஓடுது" என்றான். "அது பசி. போய் தோசைக்கல்லை வைங்க" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கடுத்த ஸ்கேனில், டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து அவன் அவளை மேடம் என்று கூப்பிடுவதில்லை.

கம்பியைக் கூடத்துச் சுவரில் வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. அடுத்த சுவர். ஒன்றுமில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் சரிந்தாள். கம்பியும் சரிந்தது. ஒரு முனை காதில். மறுமுனை அடிவயிற்றில்.

கேட்டது.

சொட்டு அல்ல.

வேகமாக. சின்னதாக. விடாமல். முதல் ஸ்கேனில், இருட்டு அறையில், இருவரும் கைகோர்த்துக் கேட்டார்களே. அதே ஓட்டம்.

கம்பியை எடுத்தாள். மொத், மொத். வைத்தாள். ஓடியது.

அழுகை வரவில்லை. அசையக்கூட பயமாக இருந்தது. தொடைக்கடியில் தரை வெதுவெதுப்பாகிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது.

"அக்கா போன்ல கத்துறா, நீ என்னடான்னா..." அவன் தரையைப் பார்த்தான். "ஐயோ. என்னடி இது? எழுந்திரு. ஆட்டோ வாசல்ல நிக்குது."

"எங்க சொட்டுதுன்னு கண்டுபிடிச்சுட்டேங்க."

"பேசாத. கையைக் குடு."

"ஒரே ஒரு தடவை கேளுங்க. உங்களுக்கும் கேக்கலேன்னா, சத்தியமா வர்றேன். சுத்தம் பண்ணிக்கறேன்."

அவளைச் சமாதானப்படுத்தத்தான் மண்டியிட்டான். அவள் நீட்டிய முனையில் காதை வைத்தான். வேலையில் செய்வதுபோலவே கண்களை மூடிக்கொண்டான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். முதலில் அவசரம். பிறகு புருவங்களுக்கு நடுவே ஒரு சுருக்கம். பிறகு அந்தச் சுருக்கம் மெல்ல, மிக மெல்ல, விரிந்தது.

வாசலில் ஹாரன் அடித்தது. மறுபடியும்.

அவன் கண்ணைத் திறக்காமல் ஒரு கையை மட்டும் தூக்கினான், சத்தம் போடாதே என்பதுபோல. தரையில் பரவியது அவன் முழங்காலைத் தொட்டது. நீலக் கால்சட்டை கறுத்தது. கறுப்பு மேலே ஏறியது. அவன் நகரவில்லை.

நீளமாக ஒரு ஹாரன். வண்டி கிளம்பும் சத்தம். தெருமுனையில் திரும்பும் சத்தம்.

"மேடம்," என்றான் அவன். எத்தனை நாளாயிற்று அவன் சிரித்து. "மோட்டார் ஓடுது."

வீடு அமைதியாக இருந்தது. சொட்டுவது நின்று, ஒழுகத் தொடங்கியிருந்தது.