கரும்பசையில் ஒரு கட்டைவிரல்

ஈட்டி குறி தப்பவில்லை. காட்டெருமையின் விலாவில் பட்டதும் கல்முனை கழன்று பனியில் விழுந்தது! சுள்ளியின் மாமன் வெறும் கழியோடு நின்றார்; அவர் தொடையைக் கிழித்துவிட்டு எருமை ஓடியே போனது.

இப்படி நடப்பது அந்தக் குளிர்காலத்தில் முதல் முறையல்ல. நரம்பால் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஈரம் பட்டதும் முனை தளர்ந்துவிடும். கறி கிடையாது. பிள்ளைகள் பழைய எலும்பைச் சப்பிக்கொண்டிருந்தார்கள். பனி முழுசாக மூடுவதற்குள் ஏதாவது செய்யாவிட்டால் கூட்டமே சாகும்.

ஒரே ஒரு வழி தெரிந்தது. ஆற்றில் மிதந்து வந்த ஓர் ஈட்டி. அதன் முனையை ஒரு கரும்பசை கவ்விப் பிடித்திருந்தது. கல்லால் அடித்தாலும் அசையவில்லை. அது அக்கரை ஆட்களுடையது. இன்று நாம் நியாண்டர்தால் என்கிறோமே, அவர்கள்தான். சுள்ளியின் கூட்டம் அவர்களை ‘மொத்தப்புருவம்’ என்றது. அடுத்தவருக்குப் பெயர் வைப்பதில் நம் ஆட்கள் அன்றைக்கே கெட்டிக்காரர்கள்.

“நான் போய் அந்தப் பசையைக் கொண்டாறேன்,” என்றாள் சுள்ளி.

“நீயா? காத்தடிச்சா பறந்துடுவே!” என்று சிரித்தான் அத்தை மகன் தும்பி. தொடை கிழிந்து கிடப்பது அவன் அப்பாதான்.

“அப்ப நீ கூட வந்து என்னைப் பிடிச்சுக்கோ.”

அண்ணன் கடுவன் சிரிக்கவில்லை. ஈட்டியை எடுத்துத் தோளில் போட்டான். “ரெண்டு பேரும் வாயை மூடிட்டு வாங்க. அவங்க துப்பினா நாம முந்திக்கணும். அதை மட்டும் மறந்துடாதீங்க.”

மறக்கிற விஷயமா அது? அவர்கள் கூட்டத்தில் ஒருவர் எதிரே நின்று துப்பினால், ‘உன்னைக் கொல்லப்போகிறேன்’ என்று அர்த்தம். துப்பியவர் கை ஓங்குவதற்குள் அடித்துவிட வேண்டும். பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

ஆறு உறைந்தும் உறையாமலும் கிடந்தது. பாதி கடந்ததும் பனிக்கட்டி பிளந்தது! சுள்ளி இடுப்புவரை உள்ளே போனாள். தும்பி குப்புற விழுந்து அவள் முடியைப் பிடித்து இழுத்தான்.

“முடியை விடுடா! கையைப் பிடி!”

“கைதான் தண்ணிக்குள்ள இருக்கே!”

கரையேறியபோது அவள் ஈட்டியின் கட்டு நனைந்து முனை தொங்கிக்கொண்டிருந்தது.

மேலே வெள்ளைப்பட்டை மரங்கள். எல்லா மரத்திலும் ஆள் உயரத்துக்குப் பட்டை உரிக்கப்பட்டிருந்தது.

“மச்சான், இவங்க மரத்தையா தின்னுறாங்க?” என்று கிசுகிசுத்தான் தும்பி.

“சும்மா வாடா!”

புகை நாற்றம் அவர்களை ஒரு குகை வாசலுக்கு இழுத்துச் சென்றது. அங்கே ஒரு சாம்பல் மேடு. சாம்பலுக்குள் சுருட்டிவைத்த பட்டைகள் கனன்றுகொண்டிருந்தன. அடியில் இருந்த தட்டைக்கல்லில் கருப்பாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

சுள்ளிக்குப் புரிந்துவிட்டது. பட்டையைச் சுட்டால் பசை! மற்ற இருவரும் பாறைக்குப் பின்னால் காவல் இருக்க, அவள் மட்டும் முன்னால் ஓடினாள்.

குகைக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். அகன்ற தோள். வரப்பு மாதிரி மேடிட்ட புருவம். கையில் ஆயுதம் இல்லை. சுள்ளியின் முகத்தைப் பார்த்தாள். தொங்கிய ஈட்டிமுனையைப் பார்த்தாள். தொண்டைக்குள் என்னவோ சொன்னாள். பிறகு இடுப்பில் கட்டிய தோல்பையிலிருந்து ஒரு கருப்புக் கட்டியை எடுத்து வாயில் போட்டு மென்றாள். மென்றபடியே நெருங்கி வந்தாள்.

துப்பினாள்.

“அண்ணே, துப்பிட்டா!” என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள் சுள்ளி.

பாறைக்குப் பின்னாலிருந்து கடுவனின் ஈட்டி பறந்து வந்தது. அன்றைக்கு மட்டும் முனை கழலவில்லை.

அந்தப் பெண் துப்பியது தன் உள்ளங்கையில். கண்ணைத் திறந்தபோதுதான் சுள்ளி அதைப் பார்த்தாள். மென்று மென்று இளக்கிய பசையை அவள் ஏற்கெனவே சுள்ளியின் ஈட்டியில் அப்பிவிட்டாள். முனையை நிமிர்த்தி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். சரிந்து விழும்போதும் விரலை எடுக்கவில்லை.

“ஒட்டிக் குடுக்க வந்திருக்காண்ணே…”

“நீதானே கத்தினே!” என்றான் கடுவன்.

மேட்டில் பல காலடிகள் கேட்டன. “ஓடுங்க!” என்றான் தும்பி. கடுவன் அந்தத் தோல்பையை அறுத்துக்கொண்டான். மூவரும் ஓடினார்கள்.

பசை வேலை செய்தது. அடுத்த வேட்டையில் இரண்டு எருமைகள் விழுந்தன! நெருப்பைச் சுற்றி ஒரே ஆட்டம். கடுவன் நடுவில் நின்று முழங்கினான். “அஞ்சு பேர் எங்க மேல பாய்ஞ்சாங்க! நான் ஒருத்தனா நின்னு…”

தும்பி தரையைப் பார்த்தான். சுள்ளி கறியைத் தின்றாள். நன்றாகப் பசித்தது. பசித்ததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

“பொய்!” என்று எழுந்தாள். “அஞ்சு பேர் இல்ல. ஒருத்தி. வெறுங்கையோட வந்தா.”

பையிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டு மென்றாள். மாமன் முன்னால் போய் நின்றாள். அவர் கையில் முனை உடைந்த ஈட்டி இருந்தது. எல்லாரும் பார்க்க, உள்ளங்கையைக் குழித்துத் துப்பினாள்.

சுற்றி இருந்த கைகள் ஈட்டிகளுக்குப் பாய்ந்தன. கடுவன் கையும்தான்.

“எறிண்ணே!” என்றாள் சுள்ளி. “அவளும் இவ்வளவுதான் செஞ்சா. நான் ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு அவ கையைப் பார்த்திருந்தா போதும். பார்க்கல.”

கடுவன் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். மாமன்தான் முதலில் அசைந்தார். நொண்டிக்கொண்டே முன்னால் வந்து, புது முனை ஒன்றை எடுத்து, உடைந்த ஈட்டியோடு அவளிடம் நீட்டினார்.

அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் யாராவது எதிரே நின்று துப்பினால், மற்றவர்கள் முதலில் துப்பியவரின் கையைப் பார்ப்பார்கள். சின்னப் பழக்கம்தான். அதற்குக் கொடுத்த விலைதான் பெரிது.

சுள்ளி தன் ஈட்டியை அதற்குமேல் எறியவே இல்லை. அதன் பசையில் ஒரு கட்டைவிரல் பள்ளம் காய்ந்து இறுகியிருந்தது. அவ்வப்போது தன் விரலை அதில் வைத்துப் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் பள்ளத்தில் இடம் மிச்சம் இருக்கும்.