உள்ளே இருப்பவர் ஒருவர்

ஞாயிற்றுக்கிழமை மாலை, தோல் பதனிடும் ஷாப் முழுக்கப் பூட்டிக் கிடந்தபோது, ரஃபியாவின் கணினித் திரை ‘உள்ளே இருப்பவர்: 1’ என்று காட்டியது.

அவளைச் சேர்க்காத எண்ணிக்கை அது. ஆபீஸில் இருப்பவர்கள் விரல் வைப்பதில்லை. தொழிலாளிகள்தான் பட்டறை வாசலிலுள்ள மெஷினில் விரல் வைத்து உள்ளே போவார்கள். பாதியில் வீட்டுக்குப் போக அனுமதி கேட்கும் ‘கேட்பாஸ்’ பொத்தானும் அதிலேயே உண்டு. ஆனால் அழுத்தியது ஆபீஸுக்கு வந்து சேராது. அவளிடம் நேரில் வந்து நின்றுதான் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த மெஷினையும் ஆபீஸ் மென்பொருளையும் இணைப்பதற்காகவே ஆளில்லாத இந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தாள். இணைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மதுரையிலிருந்து மென்பொருள் கம்பெனி ஈஸ்வரன் போனில் கேட்டான். “பேக்கப் எடுத்துட்டீங்களா மேடம்? வேலைய விட்டவங்க, இறந்தவங்க பேரையெல்லாம் மூடிட்டுத்தானே இணைச்சீங்க? தெறந்து கெடந்தா சிக்கலாயிரும்.”

“எல்லாம் பண்ணிட்டேன் சார்.”

பேக்கப் எடுத்தது உண்மை. ஒரு பெயரை மட்டும் அவள் மூடவில்லை. ஏழு மாதமாக அந்தப் பெயருக்கு நேரே ‘பணியில் இல்லை’ என்று மாற்றப் போவாள், முடியாமல் திரும்புவாள். ஃபாரிஸ், சுண்ணாம்புத் தொட்டிப் பிரிவு. அவள் கணவன்.

உள்ளே இருப்பவர் யாரென்று சொடுக்கிப் பார்த்தாள். அவன்தான்.

சாத்திய ஜன்னலையும் தாண்டி ஊறிய தோலின் வாடையும் சுண்ணாம்பின் காரமும் அறைக்குள் ஏறின. மின்விசிறியின் கிறீச்சொலிக்கு அடியில், முற்றத்துக்கு அப்பால் பூட்டிய பட்டறைக்குள் எங்கோ தண்ணீர் சொட்டுவதும், இடையிடையே ஈரத் தரையில் யாரோ காலை இழுத்து நடப்பதும் கேட்டது.

திரை நிரம்பத் தொடங்கியது. மெஷினுக்குள் தேங்கிக் கிடந்த கேட்பாஸ் கோரிக்கைகள். எல்லாம் ஒரே பெயரில். தினமும் மாலை நாலு பத்துக்கு. ‘வீட்டுக்குப் போக அனுமதி.’ முதலாவது, அவன் இறந்த நாளில்.

அன்று அவன் இந்த ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். “தல சுத்துது ரஃபி. வீட்டுக்குப் போறேன், ஒரு கையெழுத்துப் போடு.”

“செத்த நேரம் பொறுங்க. ஆடிட்டுக்கு ஆளுங்க உக்காந்திருக்காங்க.”

சரியென்று தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனான். அரைமணி நேரத்தில் தொட்டியிலிருந்து தூக்கினார்கள்.

“பழைய டேட்டா மொத்தமா வருது மேடம்,” என்றான் ஈஸ்வரன். “எதையும் அப்ரூவ் பண்ணாதீங்க. இணைப்பத் துண்டிச்சுட்டு முதல்லேர்ந்து பாப்போம்.”

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்தது. இன்றைய தேதி. நாலு பத்து.

கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து.

ஜன்னல் வழியே பார்த்தாள். பட்டறைக் கதவில் பூட்டு தொங்கியது. பக்கத்தில் மெஷினின் பச்சை விளக்கு. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

மறுபடி ஒரு கோரிக்கை. மறுபடி. மறுபடி.

ஏழு மாதம். தினமும். கேட்டுக்கொண்டே. உள்ளேயே.

போனை வைத்தாள். “மன்னிச்சிருங்க,” என்றாள் திரையிடம். “போங்க. வீட்டுக்குப் போங்க.”

அனுமதி. அழுத்தினாள்.

உள்ளே இருப்பவர்: 0.

பச்சை விளக்கு அணைந்தது. சொட்டும் சத்தம் நின்றது. மேசையில் கவிழ்ந்து, அடக்கத்தன்றுகூட வராத அழுகையை அழுதாள்.

ஷாப்பிலிருந்து பேகம்பூர் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. பதினோராவது நிமிடம் போன் அடித்தது. மாமியார் நசீம் பானு.

“ரஃபியா... வாசல்ல ஃபாரிஸ் நிக்கிறான்மா.”

ரஃபியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“மேலெல்லாம் வெள்ளையாச் சுண்ணாம்பு. தண்ணி சொட்டுது. கண்ணத் தெறக்க மாட்டேங்கிறான். உள்ள வாடா தங்கம்னு கையப் புடிச்சேன்...”

“மாமி, விடுங்க. கைய விடுங்க மாமி!”

“நான் விட்டுட்டேன்மா.” நசீம் பானு விம்மினாள். “அவந்தான் விட மாட்டேங்கிறான்.”